கொக்கிகளை எடுக்கவில்லை

சாவியைத் தரும்போது ஓத்திலியா
ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:
"தரையில் எதை ஊற்றினாலும்
தானாக மூலைக்கு ஓடிப்போகும்.
அப்படி வாட்டம் வைத்துக் கட்டியது."
ரத்தம் என்கிற சொல்லை அவள் எடுக்கவில்லை.
நாங்களும்.

தெல்மார் போய் நான்கு வருடம்.
டகுவாரெம்போ சாலையில் மரலாரிகள் கிளப்பும் தூசு
கடைப்பலகையில் 'இறைச்சி'யைப்
பாதி தின்றிருந்தது.
ஊரில் படம் வரைகிறவர்கள் பதினொரு பேர்.
கோடு போடத் தெரியாத நான் பொருளாளர்.

கூரைத் தகரத்துக்குப் பணம் வேண்டி
ஓர் ஆட்டைக் குலுக்கலில் விட்டோம்.
விழுந்தது கணக்கு வாத்தியாருக்கு,
ஊரின் ஒரே சைவர்.
"திரும்ப விடுங்கள்" என்றார்.
அதே ஆடு, இரண்டாம் குலுக்கல்,
இன்னும் நான்கு தகடு.
இதைக் கணக்கேட்டில் எப்படி எழுதுவதென்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சுவர்தான் மசியவில்லை.
அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை ஓடு.
யமாந்தூ ஆணி வைத்த இடமெல்லாம் விரிசல்.
ஏழாவது ஓடு உடைந்தபோது
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு
அண்ணாந்து பார்த்தான்:
நீளவாக்கில் ஓர் இரும்புத் தண்டு,
அதில் இருபத்திரண்டு கொக்கிகள்,
வேலையில்லாமல்.

"என் ஆற்றை
மாட்டுத் தொடை மாதிரி தொங்கவிடுவதா?"
நிபியா எழுந்து நின்று கத்தினாள்.
வெறும் கொக்கிக்கு இத்தனை கோபம் எதற்கென்று
யாரும் கேட்கவில்லை.
ஆறுக்கு ஐந்து. கொக்கிகள் வென்றன.
ரூபென் அவற்றை வினிகரில் ஊறப்போட்டு
ஒரு வாரம் தேய்த்தான்.

டிசம்பர், முதல் சனி, மாலை ஏழு.
வெயில் இன்னும் வாசலில் உட்கார்ந்திருந்தது.
கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்,
கையில் மாத்தேக் குடுவை,
ஊர் வந்து சேர்ந்து
பழைய பழக்கத்தில்
கல்லா மேடைக்கு முன்னால் வரிசை கட்டியது.
வழிப்போக்கு லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி
அரைக் கிலோ விலா கேட்டார்.
இல்லை என்றேன்.
"பிறகு என்னதான் இருக்கிறது?"
அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை.

அப்போது ஒரு மரலாரி போனது.
தரை நடுங்க, திறந்த கதவில் காற்று புக,
ஒற்றைக் கொக்கியில் தொங்கிய படங்கள் எல்லாம்
மெதுவாகத் திரும்பின.
அத்தனை கூட்டம் போட்டும்
எங்களுக்குத் தோன்றாத ஒன்று:
படத்துக்கு முதுகு உண்டு.

ரூபெனின் டிராக்டருக்குப் பின்னால்
பாதியில் விட்ட ஒரு குதிரை.
யமாந்தூவின் மேகத்துக்குப் பின்னால்
மின்கட்டணக் கூட்டல், தப்பாக.
நிபியாவின் ஆற்றுக்குப் பின்னால்
தெல்மார்.
வெட்டுகிறவனின் மேலங்கி இல்லை,
சட்டையும் இல்லை,
வரைகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

மாத்தே உறிஞ்சும் சத்தம்கூட நின்றது.
நிபியா தரையின் வாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓத்திலியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி
கிட்டே போய் நின்றாள், வெகுநேரம்,
தராசு முள் அடங்கக் காத்திருப்பவள் போல.

"மூக்கு சரியில்லை" என்றாள்.
"அவருக்கு இன்னும் கொஞ்சம் பெரிது."

பிறகு ஒரு விரலால் தள்ளி
அவனை ஆறாக்கினாள்.
விரலை எடுத்ததும்
ஆறு மறுபடி அவனானது.
யாரோ சிரித்தார்கள்.
அது நிபியாவாகக்கூட இருக்கலாம்.

மூன்று படம் விற்றது.
டிராக்டரை வாங்கியது அந்த லாரிக்காரர்,
குதிரைக்காக.

எல்லோரும் போன பிறகு நான் கழுவிவிட்டேன்.
சிந்திய ஒயின், செருப்பு மண், ஆலிவ் கொட்டை.
சொன்னது போலவே
தண்ணீர் தானாக மூலைக்குப் போனது.
வாசலில் நிபியா, பூட்டும் கையுமாக.
இரண்டடி தள்ளி ஓத்திலியா, கைகட்டி,
அவள் திணறுவதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு:
"கதவை லேசாகத் தூக்கிப் பிடி.
எப்போதும் அப்படித்தான் அது."