எந்தக் கடல்

முதலில் வீடு
ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில் போய் விழுந்தது.
எங்கே நிற்கிறேன் என்று சொல்லத் தெரியாத கட்டடங்கள்
சுழியத்துக்குச் சுழியம் அங்கேதான் மிதக்கும்.

ஹாப்சலுவுக்கு இழுத்து வந்தேன்.
வடக்கைக் கொஞ்சம் திருப்பி,
ரயில் வராத ரயில் நிலையத்தின் பின்னால்
பாதம் தரையில் படும்படி இறக்கினேன்.

இந்த்ரெக் அனுப்பிய மாதிரியில்
கதவுக் கீல் வரை இருக்கிறது, தெரு இல்லை.
என் வரைபடத்தில் தெருவும் நாணலும் உண்டு,
கதவென்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

விதி ஒரே வரி:
கூரை முகடு, கடல் மட்டத்திலிருந்து
பன்னிரண்டு மீட்டருக்கு மிகாமல்.

பொத்தானை அழுத்தினேன்.
முகடு மட்டும் சிவந்தது,
இருபத்தொரு சென்டிமீட்டருக்கு.

"ஒரு ஓடுகூட ஏற்றவில்லை, லேலோ."
பொய்க் குரல் இல்லை அது.
தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக் கேட்டேன்:
நீங்கள் அளந்தது எந்தக் கடலிலிருந்து?

பழைய அளவை. குரோன்ஷ்டாட் கடல்.
நாங்கள் ஒரு ஜனவரி முதல் தேதி
ஆம்ஸ்டர்டாம் கடலுக்கு மாறிவிட்டோம்.
அன்றிரவு ஊரே ஒரு சாண் உயர்ந்தது,
யாருக்கும் தலை சுற்றவில்லை.

நகரத் திட்டத்தைத் திறந்தேன்.
அடியில், பொடி எழுத்தில், 2009.
அந்தப் பன்னிரண்டும் பழைய கடல்தான்.

வீட்டைத் தொடவில்லை.
விதியைத் தூக்கி வைத்தேன்,
அதே இருபத்தொன்று.

"பொருந்துகிறது" என்றது இயந்திரம்,
வருத்தம் தெரிவிக்காமல்.
வெளியே விரிகுடா உறைந்திருந்தது, எந்த எண்ணும் இன்றி.

அடுத்த கோப்பு. கிடங்கு, இரண்டு தளம்.
அதுவும் ஆப்பிரிக்கா பக்கம்தான்.