தற்காலிகமாக

'தற்காலிகமாக' என்பது நான் சேர்த்த சொல்.
பொறியாளர் உத்திரத்தைச் சுத்தியலால் இருமுறை தட்டினார்,
ஏணியில் நின்றபடி காது வைத்துக் கேட்டார்,
"கீழே ஆள் நிக்கக் கூடாதுங்க" என்றார்.
அதில் காலம் எதுவும் இல்லை.

காவேரிப்பட்டணம், பழைய தானியக் கிடங்கு.
பதினோரு நடுகற்கள்,
ஈமப்பேழை ஒன்றின் கால்கள் மட்டும் மூன்று,
சனி ஞாயிறு பத்திலிருந்து ஐந்து,
சம்பளம் இல்லாத ஆறு பேர்.
பூட்டிய முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு
ஆறு பேரும் எதிர் டீக்கடையில் நின்றோம்.
யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை.
கதவில் நாங்களே ஒட்டிய தாளை
வெளியூர்க்காரர்கள் போல வாசித்தோம்.

பவுனேசன்தான் இடம் பிடித்தான்:
அவன் எடைமேடை பார்க்கும் மாங்கூழ் ஆலையில்
சீசன் முடிந்து காலியாய்க் கிடந்த கொட்டகை.
"மே மாசம் பழம் வந்துடும், அதுக்குள்ள எடுத்துடணும்"
என்று முதலாளி சொன்னதையும் சேர்த்தே சொன்னான்.
டிராக்டரோடு ஏற்றி, இறக்கி, கழித்துப் பார்த்ததில்
வில்லேந்தியவன் நானூற்றுப் பதினைந்து கிலோ.
சரக்கின் பெயர் அடிக்காமல் கம்ப்யூட்டர் சீட்டுத் தராது.
அதற்குத் தெரிந்தவை மூன்றே:
பெங்களூரா, அல்போன்சா, நீலம்.
பவுனேசன் கொஞ்சம் யோசித்து
நீலம் என்று போட்டான்.
சீட்டு என்னிடம் இருக்கிறது.

அந்தக் கல்லில் அரசன் பெயர் தெளிவு,
ஆட்சியாண்டு தெளிவு,
'தொறு மீட்டுப் பட்டான்' தெளிவு.
பட்டவன் பெயர் இருந்த இடம் மட்டும் பொரிந்து உதிர்ந்துவிட்டது.
ரஹமத்துன்னிசா டீச்சர் பலகையில் எழுதியிருந்தார்:
'மாடுகளை மீட்கப் போய் இறந்த வீரன். தொடாதீர்.'
பலகையையும் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம்.
மூன்றாம் வாரம்
'தொடாதீர்' மேல் மஞ்சள் விரல்கள்.
வீரனுக்கு மூக்கு கிடையாது; நெற்றியில் பொட்டு இருந்தது.
துடைப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம்.
ஈரத்துணியோடு உள்ளே போன திம்மராயன்
நெடுநேரம் கழித்து
காய்ந்த துணியோடு வந்தான்.

வருகைப் பதிவேடும் பழக்கத்தில் கூடவே வந்துவிட்டது.
பெயர், ஊர், கருத்து.
கிடங்கில் இருந்தவரை கருத்து என்றால்
'நன்று', 'மிக நன்று',
ஒருமுறை 'கழிப்பறை இல்லை'.
இப்போது பென்சிலில், சாய்ந்து சாய்ந்து:
சின்னபாப்பா, பன்னிஹள்ளி.
செவலப் பசு காணோம். நாலு நாளாச்சு.
கொம்புல பச்ச பெயிண்ட்.

டீச்சர் இரண்டு தடவை வாசித்தார்.
"இது கருத்தா?" என்றார்.
அப்போது மணி பத்தேகால்.
சனிக்கிழமை.
ஐந்து வரை எங்களுக்கு வேறு வேலை இல்லை.

இரண்டு பேர் ஆற்றோரம், இரண்டு பேர் நெடுங்கல் வாய்க்கால்,
திம்மராயன் மின்கம்பத்தில் ஏறி நாலாபக்கமும் பார்த்தான்,
ஒயர்மேன் என்பதால் யாரும் கேட்கவில்லை.
நான் கரும்புக்குள் கத்திக்கொண்டே போனேன்.
என்ன சொல்லிக் கத்துவது?
மாட்டின் பெயரை அவர் எழுதவில்லை.
ஹேய், ஹோய்,
இந்தா, ஏய் பச்சைக் கொம்பு.

கிடைக்கவில்லை.
திங்கட்கிழமை அதுவாகவே வந்து நின்றதாம்,
காதில் ஒரு கிழிசலோடு.
அடுத்த சனி சின்னபாப்பா தேங்காய் உடைத்தார்,
வில்லேந்தியவன் முன்னால்.
முள் தைத்த எங்கள் கால்களைப் பற்றி
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
பேழையின் மூன்று கால்களைக் காட்டி
"இது எந்தச் சாமி?" என்றார்.
டீச்சர் விளக்கினார்: தாழி, பேழை, சுடுமண், காலக்கணக்கு.
பொறுமையாகக் கேட்டு, "ஓ" என்று
அதற்கும் ஒரு சில் வைத்தார்.

உத்திரத்துக்கு மதிப்பீடு இரண்டே கால் லட்சம்.
எங்களிடம் பதினெட்டாயிரமும்
வெளியே பூக்கத் தொடங்கிய மாமரங்களும்.

ஐந்து மணிக்கு எழுந்து
சட்டைப்பையில் சாவியைத் தேடினேன்.
கொட்டகைக்குக் கதவே கிடையாது.