ஈய வாய்ப்பாடு

வியாழக்கிழமை மட்டும். பத்து முதல் பன்னிரண்டு வரை.
செர்னிடோல் நகராட்சி, இரண்டாம் மாடி, பதினான்காம் எண் அறை.
ஆளுக்குப் பத்து நிமிடம்.
பேனா கூடாது, தாள் கூடாது,
கைப்பேசியை எனாமல் கிண்ணத்தில் போட வேண்டும்.
அந்தக் கிண்ணத்துக்குக் காவல் நான்.

உள்ளே மேசைமேல் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
உருக்காலைப் புகைபோக்கியின் கீழே வளரும் பிள்ளைகளின்
இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று
சோஃபியாவிலிருந்து வந்த நச்சியல்காரர்கள்
இரண்டு குளிர்காலம் ஊசி குத்தி அறிந்தது.
பெயர்கள் இல்லை. தெருவும் வயதும் உண்டு;
சின்ன ஊருக்கு அது போதும்.
'பொதுமக்கள் பார்வைக்கு' என்று அட்டையில் முத்திரை.
பார்வைக்கு. எடுத்துப்போக அல்ல.

முதல் வாரம் மூன்று பேர்.
நான்காம் வாரம் படிக்கட்டு வரை வரிசை:
பேருந்து ஓட்டும் கிரெமென்,
பல் வைத்தியரிடம் வேலை செய்யும் இஸ்க்ரா,
மசூதித் தெருவிலிருந்து செவ்தியே,
ரொட்டிக்கடை ஸ்த்ராவ்கா, முழங்கை வரை மாவோடு.
ஆரோக்கியம் என்று அர்த்தம் அவள் பெயருக்கு.
யார் வைத்தார்களோ.

வெளியே வரும்போது ஒருவரும் பேசுவதில்லை.
உதடு மட்டும் அசையும்.
வாய் நிறையத் தண்ணீர் ஏந்தியவர்கள்போல
சிந்தாமல் படியிறங்குவார்கள்.
எதிரே வருகிறவர் நலம் விசாரித்தால்
கையை ஆட்டிவிட்டு ஓட்டம்.

மாதக் கடைசியில்தான் எனக்கு விளங்கியது.
ஆளுக்கு ஒரு வரி.
இருபத்தெட்டாம் பக்கத்து அட்டவணையைத்
தலைக்குள் வைத்துக் கடத்துகிறார்கள்.
ரொட்டிக்கடைச் சுவரில் காலி மாவுச் சாக்கை விரித்து
ஸ்த்ராவ்கா கரித்துண்டால் எழுதுகிறாள்.
பிறகு எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கிறார்கள்,
ஓரிரண்டு இரண்டு என்பதுபோல.

நான் மேலிடத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும்.
அதற்கென்றே நீலப் படிவம் இருக்கிறது.
எழுதவில்லை. துணிச்சல் என்று நினைக்காதீர்கள்.
பாதி சோம்பல்; ஓய்வூதியத்துக்குப் பதினோரு மாதம்.
மறுபாதி என்னவென்று நானே இன்னும்
உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ரொட்டிக்கு நின்றேன்.
முப்பத்தோராம் வரியை யாரோ சொன்னார்கள்:
பீச்மரத் தெரு, ஆண், நான்கு வயது,
நான்கு காற்புள்ளி ஏழு.
எங்கள் எண்களில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்.
"அப்பாடா, பையன் தப்பித்தான்" என்றது ஒரு குரல்.
பையனின் தாய் மில்கானா சிரித்தாள்.
அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வரியில் காற்புள்ளி கிடையாது.
மேல் வரிக் காற்புள்ளியின் வால்
அச்சில் நீண்டு கீழே இறங்கியிருக்கிறது.
பூட்டும் முன் வாரா வாரம் புரட்டுகிறவள் நான், தெரியும்.
உள்ளே இருப்பதை வெளியே பேசமாட்டேன் என்று
மூன்று நகலில் கையெழுத்திட்டவளும் நானே.

என் முறை வந்தது.
"பன்" என்றேன். "நாற்பத்தேழு."
"நாலா, ஏழா?"
"நாற்பத்தேழு. நடுவில் ஒன்றும் இல்லை."
"வீட்டில் கல்யாணமா?" என்றான் பின்னால் கிரெமென்.

ஸ்த்ராவ்கா என் முகத்தைப் பார்த்தாள்.
சாக்கைப் பார்த்தாள்.
திரும்பி நின்று எண்ணத் தொடங்கினாள், ஒவ்வொன்றாக,
சத்தமாக.
இருபதைத் தாண்டியபோது கடையில் பேச்சு நின்றது.
முப்பத்தாறில் மில்கானா
கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்,
ரொட்டியை வாங்காமல்.

வீட்டில் நான் ஒருத்தி.
அண்டை வீடுகளுக்கு, வாயிற்காவலருக்கு, புறாக்களுக்கு
கொடுத்ததுபோக ஒன்பது பன் கல்லாகிக் கிடக்கிறது.

வியாழக்கிழமை அவள் பையனோடு வந்தாள்.
வலது பூட்ஸ் இடது காலில்.
வயது வரம்பு விதியில் இருக்கிறதா என்று தேடினேன்.
இல்லை.
அம்மாவின் கைப்பேசி கிண்ணத்துக்குள் போனதைப் பார்த்து
அவனும் பையைத் துழாவினான்.
சக்கரம் ஒன்று இல்லாத பொம்மை லாரி.
கிண்ணத்தில் மெல்ல வைத்தான்.

அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.