மேலிருந்து கீழ், பதினேழு

ஹல் நகரத்தில் திங்கள், புதன், வெள்ளி
நாலு மணி நேரம் என் இரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டு வரும்.
பக்கத்து நாற்காலியில் வெரிட்டி க்ராஸ்கில்,
மீன் கிடங்கில் கணக்கு எழுதியவள்.
எழுதும் கை ஊசியோடு கட்டிக் கிடந்ததால்
அவள் மூளை, என் பேனா.
அப்படித் தொடங்கியது கூட்டு வியாபாரம்.

"குறிப்பை நம்பாதே" என்றாள் முதல் நாள்.
"மூச்சுக்கு மூச்சு பொய் சொல்லும்,
ஆனால் ஏமாற்றாது."
எனக்குத் தலை சுற்றியது.
இரத்த அழுத்தம் என்று எழுதிக்கொண்டாள் நர்ஸ்.

அவசரத்துக்குள் மாலை வந்துவிட்டது (3).
நான் ஜன்னலைப் பார்த்தேன். நாலு மணிக்கே இருட்டு,
ஹம்பர் பாலத்தில் விளக்கு.
"பொழுதைப் பார்க்காதே, கழுத்தைப் பார்.
போடுகிற மாலை. அவசரத்தில் முதல் இரண்டு எழுத்தைக் கழற்று."
சரம்.
இத்தனை வருடம் அவசரப்பட்டிருக்கிறேன்,
உள்ளே ஒரு சரம் இருந்ததை
ஒருவரும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பு, நாட்டுக்குள் விடுவார்கள் (2).
முப்பத்தொரு வருடம் பூட்டுக்காரன் நான்.
கார், பெட்டகம்,
விவாகரத்தானவர்களின் முன்கதவு,
எத்தனை திருப்பியிருப்பேன்.
இது திரும்பவில்லை.
அவள் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்தியது.
விசா.

ஒரு புதன்கிழமை:
சின்னதாய் ஒரு தண்ணீர் வீடு, ஜோடியில் ஒன்று (6).
பேனா தானாகவே போனது.
சிறு. நீர். அகம்.
விளக்கம் யாரும் கேட்கவில்லை.
பன்னிரண்டு நாற்காலியிலும்
அந்த வீடு இடிந்தவர்கள்தானே.
வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"நல்ல குறிப்பு. ஒரு சொல்கூட வீணில்லை."

அந்த வெள்ளி மிஞ்சியது பதினேழு.
சோலையைத் திருப்பு, கடிகாரம் நகராது (6).
"எனக்கு வராது போலிருக்கிறது" என்றாள்,
முதல் தடவையாக.

தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.
சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருப்பினேன்.
பொழில்: ல்ழிபொ.
தோப்பு: புப்தோ.
வனம்: ம்னவ.
நாக்கு சுளுக்கியது.
நாய் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது.

திங்கள். அவள் நாற்காலியில் வேறொருவர்,
கால்பந்துப் பக்கம் படிப்பவர்.
கேட்டேன்.
ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு நோயாளியிடம்
சொல்லக் கூடாதென்றாள் யூர்கிதா.
பிறகு பிளாஸ்திரி கிழிக்கும் சத்தத்துக்குள்
மறைத்து ஒரு சொல்:
"லீட்ஸ்."
மூன்று எழுத்து. சிறுநீரகம் மாற்றுகிற ஊர்.
அந்த ஊர் கூப்பிடும் என்று
நாலு வருடம் தலையணைக்கடியில் போன் வைத்துத்
தூங்கியவள் அவள்.

அப்போது விழுந்தது எனக்கு.
எதையும் திருப்ப வேண்டாம்.
கட்டளை மாதிரி வேஷம் போட்டு நிற்கிற அந்தச் சொல்லை
அப்படியே தூக்கிக் கட்டத்தில் வை.
சோலைக்கு ஒற்றை எழுத்துப் பெயர், கா.
அதன் பக்கத்தில் திருப்பு.
நடுவே ஒரு த்,
இரண்டும் நெருங்கினால் தானாய் முளைப்பது.

காத்திருப்பு.

"யூர்கிதா, கேளேன், இந்தத் திருப்பு இருக்கிறதே..."
"கையை அசைக்காதே."
கால்பந்துக்காரர் பக்கம் பார்த்தேன்.
அவர் காதில் இயர்போன்.

ஆறு கட்டமும் நிரப்பினேன்.
கடைசிக் கட்டத்தில், குறுக்கே
நான் பிடிவாதமாய்த் தப்பாக எழுதிய ஒரு சொல் இடித்தது.
அடித்தேன்.
அவள் இருந்திருந்தால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பாள்,
வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மெஷினில் இன்னும் மூன்று மணி நேரம்.
எந்த வார்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை.
எப்படியாவது கண்டுபிடித்து ஓர் அட்டை அனுப்ப வேண்டும்.
'கா' என்று மட்டும் எழுதினால் போதும்,
மீதியை
அவள் போட்டுக்கொள்வாள்.