துளைக்கூலி

மதிப்பீட்டுத் தாளைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன்,
தண்ணீர் மோட்டர் கணக்குக்குப் பக்கத்தில்.
கண்ணாடி இழை மீற்றர் அறுபது ரூபா:
அந்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை.
கம்பம் ஒன்று இருபத்தெட்டாயிரம்,
குழாய், வளைவு, ஆணி,
சுவரில் துளையொன்றுக்கு ஆயிரத்து இருநூறு.
பன்னிரண்டு வீடு. பதினாறு துளை.

"இழுக்கவும் கூலியோ?" பெனடிக்ற் அண்ணைக்குச் சிரிப்பு.
"பிறந்ததிலயிருந்து நூல் இழுக்கிற ஆள் நான்."
"வளைச்சா முறிஞ்சிடும் அண்ணை" என்றான் கொம்பனிப் பெடியன்.
குருநகரில் ஒருவரிடம்
நூலை எப்படிப் பிடிப்பதென்று சொல்லிக்கொடுக்கிறான்.

கீழ்வீட்டு ஜெசிந்தா அக்கா தரமாட்டாவாம்.
"என்ரை வாசலால ஏறி
நாலாம் மாடிக்குப் போறதுக்கு
நான் ஏன் காசு?"
நாலாம் மாடி சொன்னது,
மழை ஒழுகினால் முதலில் தங்களுக்குத்தானே,
அதற்கு யார் கழித்துத் தந்தது என்று.
மூன்று ஞாயிறு, பூசை முடிந்து வந்து
இதே சண்டை.

கேட்ட அன்றே முழுக் காசும் அனுப்பியது
ஏழாம் இலக்கம் மட்டும்.
பாரிசில் இருக்கிறார்.
பூட்டிய வீட்டைக் கமராவில் பார்க்க வேணுமாம்.

எட்டாம் வீட்டு நிலோஜன்
தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறியிருந்து
வகுப்புக்கு முகம் காட்டுகிறான்.
அவன் தாய் றிலோட் பண்ணிய கணக்கை
ஒருநாள் இரவு கூட்டிப் பார்த்தேன்.
அடுத்த நாள் ஜெசிந்தா அக்காவின் பங்கை
என் பெயரில் போட்டேன்.
சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து
இரவே கொண்டுவந்து தந்தா,
மீன் மணக்கும் நூறு ரூபாத் தாள்களாக.

துளைத்தார்கள். பழைய கொங்கிறீற்
ஒவ்வொரு துளைக்கும் கத்தியது.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும்
வெண்ணெய்க்குள் போனதுபோல் இறங்கியது துளைப்பான்.
பூச்சு உதிர்ந்தது, உள்ளே ஒரு கைப்பிடி சீமெந்து.
"முந்தியே இதால ஏதோ வந்திருக்கு" என்றான் பெடியன்.
இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவன்.
படியில் நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை.
"ஓம் தம்பி" என்றா ஜெசிந்தா அக்கா,
"ஒருக்கா வந்தது."

அந்தத் துளைக்கு அவன் காசு எடுக்கவில்லை.
ஆயிரத்து இருநூறு மிச்சம்,
வீட்டுக்கு நூறு.
எல்லாரும் வாங்கினார்கள்.
அவ மட்டும் கையை நீட்டவில்லை,
மோட்டருக்குப் போடச் சொன்னா.

கொப்பியில் எழுதினேன்:
துளை பதினாறு.
கூலி பதினைந்துக்கு.

இரவு பாரிசிலிருந்து அழைப்பு.
படம் தெளிவாம்.
ஆனால் ஒரே இருட்டு,
யாராவது போய்
லைற்றைப் போட்டுவிட முடியுமா?