ஒரு டிகிரி

விற்றவர் அதை வரம்போலச் சொன்னார்:
"நாலு சக்கரமும் திரும்பும் மேடம்.
முன்னாடி ரெண்டு உங்க பேச்சுக்கு,
பின்னாடி ரெண்டு அதுவா."
கோயம்புத்தூரில் அது வரம்தான்.
அவினாசி ரோட்டில் ஒரே வீச்சில் யூ-டர்ன் அடித்தேன்,
டிராபிக் போலீஸ்காரர்
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

மலை ஏறிய பிறகுதான் தெரிந்தது
அந்த வண்டிக்கு அபிப்பிராயங்கள் இருந்தன.

குஞ்சப்பனை தாண்டி, ஈரச் சாலை.
வளைவுக்குள் போவேன்.
கை சொன்னதை முன்சக்கரம் கேட்கும்.
அரை மூச்சு கழித்து
பின்பக்கம் தன் பதிலைச் சொல்லும்:
சில நாள் "சரி",
சில நாள் "ஆனால்".
ஒரு டிகிரிதான்.
மேஜை ஒரு டிகிரி சாய்ந்தால்
பென்சில் உருளலாம், உருளாமலும் இருக்கலாம்.
கைப்பிடிச் சுவர் உடைந்த இடத்தில்
அந்த "உருளலாம்"தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் தேயிலை ருசிப்பவள்.
நாளைக்கு இருநூறு கிண்ணம்,
உறிஞ்சுவேன், துப்புவேன், மார்க் போடுவேன்.
சில தூளில் கசப்பு உடனே வராது.
துப்பி, அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்த பிறகு
நாக்கின் வேரில் எழும்.
அப்போது எந்தக் கிண்ணத்தைக் குறை சொல்வது?

அரவேனு ரெஜினால்டு வண்டிக்கு அடியில் போனான்.
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி பேசியதால்
வெறும் உயிரெழுத்துகளாக வந்தது நோயின் பெயர்.
வெளியே வந்து, துப்பிவிட்டு, மறுபடி சொன்னான்:
"ஜாயிண்ட்டெல்லாம் ஆட்டம்.
கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது,
இரும்புக்கு வேற காதுல விழுது.
புதுசு ஜப்பான்லருந்து வரணும்.
அதுவரைக்கும் பஸ்ல போறீங்களா,
இல்ல, பேசாம பூட்டிரட்டுமா?"

பூட்டு என்றால் சாவி இல்லை.
ஒரு கம்பி. முழங்கைக்குச் சற்று நீளம்,
இரு நுனியிலும் மரை.
குன்னூரில் ஷாஜகானின் லேத்தில் கடைந்து
இன்னும் சூடாகவே வந்ததாகச் சொன்னான். பொய்.
இருபது கிலோமீட்டர் குளிரில் எந்தக் கம்பி சூடாக இருக்கும்?

கழற்றியதைச் செய்தித்தாள் மேல் வைத்தான்.
நினைத்ததைவிடச் சின்னது,
எண்ணெய் துடைத்ததும் அழகாகக்கூட இருந்தது.
எங்கோ ஒரு அறையில்
பத்துப் பேர் ராத்திரியெல்லாம் விழித்து யோசித்திருப்பார்கள்
நான் இன்று வேண்டாமென்ற இதை.
"எடைக்குப் போட்டுரவா?"
டிக்கியில் வை என்றேன்.

சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு ஒன்று அணையவில்லை.
"இல்லாததைத் தேடுது, பாவம்.
பல்பைப் பிடுங்கிட்டா மறந்துரும்."
பிடுங்க வேண்டாம் என்றேன்.

அன்றே இறங்கினேன், மூடுபனியில்,
முன்னால் ஒரு கேரட் லாரியின் சிவப்புப் புள்ளிகள்.
வண்டி ஒரு முழம் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது.
எங்கள் ஹட்டி முடுக்கில் ஏற்கெனவே ஒருமுறை
பின்னால் எடுத்துத்தான் திரும்பியிருந்தேன்,
பார்த்துக்கொண்டிருந்த போஜண்ணா
"ஓட்ட மறந்துட்டியா?" என்று கேட்டார்.

முள்ளூருக்குக் கீழே அந்த வளைவு.
நடுவில், பின்பக்கம் வாய் திறக்கும் இடத்தில்,
என் கை தானாக ஒரு நூல் எதிர்ப்பக்கம் போனது
நடக்காத தவறைத் திருத்த.
வண்டி அதையும் அப்படியே கேட்டது.
டயர் வெள்ளைக் கோட்டை உரசி,
சரளை, ஒரு சத்தம்,
மறுபடி தார்.

நிறுத்தினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
ஏழு மாதம்.
அதன் ஆட்டம் எவ்வளவு,
அதற்கு முந்திக்கொண்டு நான் ஆடியது எவ்வளவு?
கம்பி போட என் மணிக்கட்டில் மரை இல்லை.

அடுத்த வளைவிலும் கை முந்தியது.
அதற்கடுத்ததிலும், கொஞ்சம் குறைவாக.
பிறகு எண்ணவில்லை.
ஒரு காட்டுமாடு நடு ரோட்டில் நின்றது,
அது போகும்வரை ஸ்டீயரிங்கை விட்டுக்
கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

செக்போஸ்ட்டில் காவலர் குனிந்து உள்ளே பார்த்தார்.
"மேடம், ஏதோ லைட் எரியுதே?"
"ஆமாங்க" என்றேன்,
"எரியுது."