நிமிடத்துக்கு ஐந்து விநாடி

ஜெறாட் கொண்டுவந்த கோப்பில்
மனைவி ஆறுதலாகத்தான் கதைத்தா:
"இனி… நான்… வரமாட்டன்."
பிள்ளையை நித்திரையாக்கும் குரல்.

காட்டிக்கொடுத்தது கோச்சிதான்.
அவவுக்குப் பின்னால்
வெள்ளவத்தைக் கடற்கரையால் போன அது
துறைமுகத்துக் கப்பல்போல ஊதியது.
நாற்பத்தெட்டாயிரத்தில் பதிந்ததை
நாற்பத்து நாலாயிரத்து நூறென்று
மாற்றும்போது யாரோ குறித்த பிழை.
நிமிடத்துக்கு ஐந்து விநாடி இரக்கம்.

எண்ணைத் திருத்தினேன்.
கோச்சி கோச்சியானது.
"இனி நான் வரமாட்டன்."
மூச்சுவிட இடமில்லை.
பிறகு கதவு.

ஜெறாட் காசை எண்ணி வைத்தார்.
படியிறங்கி, காலி வீதி இரைச்சலுக்குள் நின்று,
திரும்பி ஏறி வந்தார்.
"தம்பி, மற்றதை அழிச்சுப்போடாதேங்கோ.
அதையும் பெனில் போடுங்கோ.
அதுக்குத் தனிக் காசோ?"